அறுபது முதுகில் என் முதுகு

சைக்கிள் மிதிப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று இருந்தது என்று சொன்னால் என் மகளே நம்புவதில்லை. தொண்ணூறுகளில் ஆறு வருஷம் நான் அந்த வேலையில்தான் இருந்தேன்.

கோயமுத்தூர் மில் ஒன்றில் ஃபிட்டர் என்று எனக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஸ்பேனரைத் தொட்டது மழைக்காலத்தில் மட்டும். மீதி நாளெல்லாம் மில்லின் பச்சை பனியனை மாட்டிக்கொண்டு ரோட்டில் கிடந்தேன். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் ஐந்து நாள் ரேஸ் ஒன்று நடக்கும். ஒரு நாளைக்கு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர், நூறு நூற்றிருபது கிலோமீட்டர். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். நடுவில் அந்தக் கூட்டலில் முன்னால் இருக்கிறவர் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு மிதிப்பார். நான் அந்த மஞ்சள் பனியனைத் தொட்டதே இல்லை, துவைப்பதற்குக்கூட.

எதிர்க்காற்றில் இரண்டு பால் கேனோடு மிதித்தவர்கள், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறியவர்கள், நடு ரோட்டில் செயின் கழன்று வேட்டியெல்லாம் கிரீஸ் ஆனவர்கள், எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

பெண் பார்க்கப் போன இடம்

வெள்ளகோவிலுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் மரகதம். காப்பித் தட்டோடு வந்தவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் என் கால்களைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் என் கெண்டைக்கால் வேட்டிக்கு வெளியே தனியாகத் தெரியும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டேன்.

அவளுடைய பெரியப்பா விசாரணையை ஆரம்பித்தார். மில்லில் ஃபிட்டர் என்றதும் முகம் மலர்ந்தது. பொய் சொல்ல மனம் வராமல், "நெசத்துல எனக்கு சைக்கிள் ரேஸ்ல ஓட்டற வேலைங்க" என்றேன். எங்கிருந்து எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். நான் உற்சாகமாகி, கோயமுத்தூரில் கிளம்பி, கோபி போய், ஈரோடு போய், கரூர் போய், வெள்ளகோவில் வழியாக மறுபடி கோயமுத்தூருக்கே வந்து சேருவோம் என்று கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். மரகதத்தின் கண் அந்த வட்டத்தின் கூடவே சுற்றி வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பெண்தான் என்று முடிவாகிவிட்டது.

பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் வைத்து, நிதானமாக மென்று, கடைசியில் கேட்டார்: "கோயமுத்தூருக்கே வந்து சேர்றதுக்கு அங்கிருந்து எதுக்குங்க கெளம்பறீங்க?"

முதுகு உத்தியோகம்

ஒரு டீமில் ஆறு பேர். ஆறு பேரும் ஜெயிப்பதற்காக ஓட்டுவதில்லை. ஒருவன் ஜெயிப்பதற்காக ஐந்து பேர் ஓட்டுவோம். எங்களுக்கு அந்த ஒருவன் ஜாபர். கோட்டைமேட்டுக்காரன். வீட்டில் தகரப் பெட்டி செய்கிற தொழில். தகரம் தட்டுகிற சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன் என்பதால் அவனால் எங்கேயும் தூங்க முடியும். சைக்கிள் மேலேயும் பாதித் தூக்கத்தில்தான் வருவான். கடைசி ஐந்து கிலோமீட்டரில் கண்ணைத் திறப்பான். அப்புறம் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

என் உத்தியோகம் அவனுக்கு முன்னால் போவது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்களுக்குத் தெரியும். மேற்கே பார்த்து மிதித்தால் நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். முன்னால் போகிறவன் அந்தக் கையை வாங்கிக்கொண்டால் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். மணிக்கணக்கில் அப்படி மிதிக்கும்போது ஒரு மயக்கம் வரும். செயின் ஓடுகிற சத்தம் காதில் ரீங்காரமாக நிற்கும். புளியமரங்கள் வரும், போகும். கால் யாருடையதோ, ரோடு யாருடையதோ என்று ஆகிவிடும். நடுநடுவே பின்னால் போய் மில் வேனில் தண்ணீர் பாட்டில்களை வாங்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு மறுபடி முன்னால் வரவேண்டும்.

என்னை ஒருவரும் பார்த்ததில்லை. பேப்பரில் ஜாபர் படம் வரும்போது ஓரத்தில் என் முழங்கை வந்திருக்கிறது. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன் என்று சொன்னபோது ஜாபர் சிரிக்கவில்லை. "முன்னால யாரு போறாங்கன்னு கண்ணத் தொறக்காமயே சொல்லுவேன் மாப்ளே," என்றான். "நீ போனா காத்து இருக்காது. தூக்கம் வந்துரும்."

மரகதம் பார்க்க வந்தது

கல்யாணமான முதல் ஆடி. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரேஸின் நான்காம் நாள் கரூரில் கிளம்பி வெள்ளகோவில் வழியாகக் கோயமுத்தூர் வருவது வழக்கம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்ரோல் பங்குக்கு எதிரில் இருக்கிற வேப்பமரத்தடியில் வந்து நில் என்று சொல்லி அனுப்பினேன். நின்றிருக்கிறாள், புதுப்புடவையில், சொந்தக்காரர் ஒன்பது பேரோடு. ஆனால் எங்களுக்கு மேற்கே பார்த்த ரோடு, முழு எதிர்க்காற்று. அறுபது பேரும் தலையை ஹேண்டில்பாருக்குள் புதைத்துக்கொண்டு ஒரே கட்டாகப் போனோம். நான் நடுவில் ஜாபரை மறைத்துக்கொண்டு. தலையைத் தூக்கினால் காற்று பிடித்துக்கொள்ளும். அந்த மரத்தைக் கடக்க எங்களுக்குப் பத்து விநாடி ஆகியிருக்குமா, தெரியாது. அன்று மாலை பி.சி.ஓ.விலிருந்து பேசினேன். "எது நீங்கன்னு தெரியலீங்க. அறுபது முதுகுக்கும் கையாட்டிப்போட்டு வந்தேனுங்க" என்றாள்.

அப்புறம் அது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அவள் தாய்வீடு போவாள், நான் அவள் முன்னால் போவேன், அவள் என்னைப் பார்க்கமாட்டாள். இரண்டாம் வருஷம் அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டினேன். தென்னிலை என்கிற ஊரைத் தாண்டும்போதே காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் வருஷம் என் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு நின்றாள். இருபத்தேழு. சரியாக அந்த மரம் வரும்போது நான் கூட்டத்துக்குப் பின்னால் வேனில் தொங்கிக்கொண்டு பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் வேறு எவனையோ நான் என்று நினைத்துக் கையாட்ட, அவனும் தாராளமாகக் கையாட்டியிருக்கிறான்.

நாலாம் வருஷமும் அப்படியே போனது. அந்த முறை அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. "நீங்க ஜெயிக்க வேண்டாமுங்க. மிதிக்கறத ஒருக்கா கண்ணுல பார்த்தாப் போதுமுங்க" என்றாள். என் வேலையைப் பார்க்காத ஒருத்தி என் பனியனில் உப்புப் பூத்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்துக்கொண்டிருக்கிறாளே என்று இருந்தது. அவளுடைய அண்ணனோ அதற்குள் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார். நோம்பி விருந்தில் என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை போட்டார்: "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. நெசத்துல மெஷின் ரிப்பேர்தானுங்களே பார்க்கறீங்க? அதுவும் கௌரவமான வேலைதானுங்க."

ஊத்துக்குளி கேட்

ரேஸில் ஒரு விதி உண்டு. ரயில்வே கேட் மூடினால் எல்லோரும் நிற்கவேண்டும். முன்னால் வந்தவன் முன்னால் நிற்பான். பின்னால் வந்தவன் எத்தனை நேரம் பின்தங்கி வந்தானோ, கேட் திறந்ததும் அத்தனை நேரம் கழித்து அவனை விடுவார்கள். ஆகவே யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் நிற்பது எங்களுக்கு மறந்துபோன விஷயம்.

ஒருமுறை கோபியிலிருந்து வரும்போது ஊத்துக்குளிக்கு முன்னால் கேட் மூடிவிட்டது. காலை ஒன்பது மணி இருக்கும். கோபியின் வயல் ஈரமெல்லாம் எங்கோ பின்னால் போய்விட்டது. இங்கே சோளக்காடும் வேலியோரத்துக் கள்ளியும்தான். ஐம்பது அறுபது பேர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றோம். மூச்சுச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அப்போதுதான் குருவிகள் கத்துவதே காதில் விழுந்தது. எங்கேயோ வெண்ணெய் உருக்குகிற வாசம். கூட்ஸ் வண்டி வந்தது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. ஒவ்வொரு பெட்டியாகக் கடகடத்துக்கொண்டு போனது. மஞ்சள் பனியன் போட்டிருந்த பஞ்சாப்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உதட்டை அசைத்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜாபர் என் தோளில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிவிட்டான். அந்த வண்டி முடியவே கூடாது என்று நான் நினைத்தேன். என்னைப் போலவே எல்லோரும் நினைத்தார்கள் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

கடைசிப் பெட்டி போய், கார்டு பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு போனபிறகும் ஒருவரும் நகரவில்லை. கேட்கீப்பர் கேட்டைத் தூக்கிவிட்டு எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். "இருவது வருஷமா கேட் போடறேனுங்க," என்றார். "என்னையத் திட்டாம நின்னது நீங்கதானுங்க. அதுவும் ரேஸுக்குப் போறவிய!"

அவிநாசி வளைவு

எங்கள் தொழிலில் மிகப் பெரிய வெட்கம் எது என்றால் முடிவுக் கோட்டுக்கு முன்னாலேயே ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்குவது. மற்ற தேசங்களில் இது அபூர்வம். நம் பக்கத்தில் ஆடி மாதத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏனென்றால் ரேஸ் முடிகிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வளைவு வைப்பார்கள். அம்மன் கோயில்காரர்களும் அதே ரோட்டில், அதே மாதத்தில், அதே மாதிரி ஒரு வளைவு வைப்பார்கள்.

அன்று அவிநாசியில் முடிவு. நான் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு வந்து, ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது ஒதுங்கினேன். ஜாபர் கண்ணைத் திறந்தான். பறந்தான். தூரத்தில் வளைவு, வாழைமரம், சீரியல் பல்பு, மைக் செட், ஜனக்கூட்டம். அவன் அதன் கீழே போகும்போது ஹேண்டில்பாரை விட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். கூட்டமும் குலவை போட்டது. மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வந்தவனைத் தாண்டி நான்கு பேர் போனார்கள். எங்கள் வளைவு இன்னும் முந்நூறு அடி தள்ளி, பாவமாக, ஒரு பல்புகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

நான் வந்து சேரும்போது ஜாபர் அம்மன் வளைவின் கீழேயே திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தான். அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் போலிருந்ததாம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கூழ்ப் பானையிலிருந்து சொம்பில் மொண்டுகொண்டு ஓர் அம்மாள் வந்து அவன் கையில் கொடுத்தார்: "குடிங்க பாயி. இத்தன வேகத்துலயும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்புட்டது நீங்க ஒருத்தருதானுங்க."

வாழைத்தார் மரியாதை

விதிப் புத்தகத்தில் இல்லாத மரியாதை ஒன்று எங்களுக்குள் உண்டு. ஒருவனுடைய சொந்த ஊர் வழியாக ரேஸ் போனால், அவன் மஞ்சள் பனியன்காரரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னால் தனியாகப் போகலாம். கூட்டம் அவனைத் துரத்தாது. வீட்டார் பார்ப்பார்கள், அவன் கையாட்டுவான், பிறகு கூட்டம் வந்ததும் அதில் கலந்துவிடுவான். அதைச் சாக்காக வைத்து யாரும் ஓடிப்போகக் கூடாது. அது துரோகம்.

கோபிக்காரன் ஒருவன் இப்படிக் கேட்டுக்கொண்டு முன்னால் போனான். திரும்ப நாங்கள் அவனை எட்டிப் பிடித்தபோது அவனுடைய ஹேண்டில்பாரில் ஒரு முழு வாழைத்தார் உட்கார்ந்திருந்தது. பூவன், பழுத்தது. சித்தப்பா தோட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டாராம். ஊர் எல்லை தாண்டியதும் இறக்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஓடுகிற வண்டியிலேயே எதிராளி, நம் ஆள் என்று பார்க்காமல் அறுபது பேருக்கும் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே வந்தான். வாய்க்கால் ஓரமாக, தென்னை நிழலில், மூன்று நான்கு கிலோமீட்டர் நாங்கள் ரேஸை மறந்துவிட்டுப் பழம் தின்றுகொண்டு போனோம்.

நீ ஏன் உன் மனைவி ஊரில் முன்னால் போவதில்லை என்று என்னைக் கேட்பீர்கள். வெள்ளகோவிலில் எங்களுக்கு எப்போதும் எதிர்க்காற்று. ஜாபருக்கு என் முதுகு வேண்டும். வேலை அது. கோபிக்காரனிடம் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனாலும் தாரை ஏன் இறக்கவில்லை என்று மட்டும் கேட்டேன். அவன் பதறிப்போய்ச் சொன்னான்: "ரேஸு வருசத்துக்கு ஒருக்காங்க. எங்க சித்தப்பன் மூஞ்சியத் தெனமும் பார்க்கோணுமுங்களே!"

காற்று திரும்பிய வருஷம்

ஆறாம் வருஷம் மில்லுக்கு நேரம் சரியில்லை. எங்கள் மேனேஜர் ரங்கசாமி, சைக்கிள் ஷெட்டில் எங்களை உட்கார வைத்து, இந்த ஆடியோடு டீம் கலைகிறது என்று சொன்னார். அப்புறம் எல்லோரும் மெஷின் பக்கம் போகவேண்டியதுதான். ஜாபர் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மரகதத்தின் நினைப்புதான் முதலில் வந்தது. இனி ஒரே ஓர் ஆடி. அதிலும் அவள் பார்க்காவிட்டால், பெண் பார்க்கப் போன வீட்டில் நான் காற்றில் போட்ட வட்டம் காற்றோடு போனதாகிவிடும்.

அந்த வருஷம் என்ன காரணமோ, வெள்ளகோவில் பாதையை மட்டும் திருப்பிப் போட்டார்கள். நான்காம் நாள் கோயமுத்தூரில் கிளம்பி, பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர். நேர அட்டவணை அச்சாகி வந்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெள்ளகோவில் பத்தேகால் என்று போட்டிருந்தது. அதை அப்படியே மரகதத்துக்கு எழுதி அனுப்பினேன். பத்தேகாலுக்கு அதே வேப்பமரம், இந்த முறை தனியாக வருவேன், கூட்டத்தில் தேட வேண்டாம் என்று.

ரங்கசாமியிடம் அனுமதி கேட்கத் தயங்கிக்கொண்டு நின்றேன். கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "நாளைக்குக் காத்து பின்னாலிருந்து வரும் செல்வராசு. உம்பட முதுகு யாருக்கும் வேண்டாம். கொண்டுபோய் உம்பட ஊட்டுக்காரிக்குக் காட்டிப்போட்டு வா."

வேப்பமரத்தடி

பின்காற்றில் ஒரு ரேஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல ஆசை. சத்தமே இருக்காது. காற்றும் நாமும் ஒரே வேகத்தில் போவதால் காது அடைத்த மாதிரி ஓர் அமைதி. வேர்வை காயாது. சூலூர் தாண்டியது தெரியவில்லை. பல்லடம் தாண்டியதும் காட்டுக்குள் புதிதாக வைத்திருந்த காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மில்லின் பச்சை பனியன் முதுகில் உப்பிக்கொண்டு என்னை யாரோ தூக்கிக்கொண்டு போவது போலிருந்தது. ஆறு வருஷம் நெஞ்சில் தள்ளிய அதே காற்று.

காங்கேயத்தில் பஞ்சாப்காரர் பக்கத்தில் போனேன். அந்த வருஷமும் மஞ்சள் அவரிடம்தான். எனக்கு இந்தி தெரியாது. முன்னால் கையைக் காட்டி, "வெள்ளகோவில், வைஃப்" என்றேன். அவர் பெரிதாகச் சிரித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஜாபரைத் திரும்பிப் பார்த்தேன். பாதிக் கண்ணைத் திறந்து, போ என்று தாடையை ஆட்டினான். போனேன். முன்னால் போலீஸ் ஜீப், பின்னால் வெறும் ரோடு, நடுவில் நான் மட்டும். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை.

வெள்ளகோவில் வந்தது. பெட்ரோல் பங்க் வந்தது. வேப்பமரம் வந்தது. மரத்தடியில் ஒருவரும் இல்லை. இரண்டு ஆடும் ஒரு பெஞ்சும் இருந்தன. பங்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷங்களில் வெள்ளகோவிலிலிருந்து கோயமுத்தூர் வந்து சேர எதிர்க்காற்றில் மூன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கிறது. பாதையைத் திருப்பியவர்கள் கணக்கையும் அப்படியே திருப்பி எழுதிவிட்டார்கள். காற்றைத் திருப்ப மறந்துவிட்டார்கள். அறுபது பேரில் எவனாவது அந்த அட்டவணையைப் பார்த்ததும் சிரித்திருக்க வேண்டும். ஆறு வருஷம் அந்தக் காற்றைச் சாப்பிட்ட எனக்கே தோன்றவில்லை.

பிரேக்கைப் பிடித்தேன். அது என் கைதானா என்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டம் வர மூன்று நிமிஷம் இருக்கும். வந்ததும் அதில் கலந்துகொண்டால் என் கடைசி ரேஸ் ஒழுங்காக முடியும். கலக்காவிட்டால் பின்காற்றில் போகிற கூட்டத்தை ஒற்றை ஆள் பிடிக்கவே முடியாது. நேரம் தாண்டி வந்தவன் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன். ஆடு என் பாட்டிலை முகர்ந்து பார்த்தது.

ஜீப்பின் மைக் சத்தம் கேட்டுச் சந்துகளிலிருந்து ஜனங்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குள் மரகதம் வந்தாள். தலை பின்னி முடிக்கவில்லை. ஒரு கையில் பூச்சரம் அப்படியே இருந்தது. மூச்சிரைக்க எனக்கு மூன்றடி முன்னால் வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நுனிக்காலில் நின்று மேற்கே பார்த்தாள். நான்கு வருஷமாக அவள் என்னைத் தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் பார்த்தேன். கழுத்தெல்லாம் நரம்பு தெரிய எட்டி எட்டிப் பார்த்தாள்.

கூட்டம் வந்தது. புழுதியும் காற்றும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வீச்சு. ஜாபர் என்னைப் பார்த்துவிட்டான். வா என்று கூப்பிடவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கினான். கூட்டம் போய்விட்டது. மரகதத்தின் தோள் இறங்கியது. திரும்பாமலேயே, பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் கேட்டாள்: "ஏனுங்க, இருவத்தேழாம் நம்பரு போயிருச்சுங்களா?"

"இன்னும் போகலீங்க அம்மணி" என்றேன்.

திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பனியனில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுதாலும் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். "அல்லாரும் போயாச்சு, இங்க என்னங்க உக்காந்துட்டு இருக்கறீங்க? எந்திரிங்க! போங்க!" என்றாள். நான் ஏறி உட்கார்ந்ததும் பூச்சரத்தை வாயில் கவ்விக்கொண்டு, சீட்டுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பத்தடி தள்ளிக்கொண்டே ஓடிவந்தாள். வெளியாள் தள்ளுவது விதிக்கு விரோதம். கடைசியில் வருகிறவனுக்குப் பின்னால் வரும் வேனில் ரங்கசாமி உட்கார்ந்திருந்தார். அவர் அந்த நேரம் பார்த்து வேப்பமரத்தில் ஏதோ பறவை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளகோவிலுக்குக் கிழக்கே ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். மரம்கூட அவ்வளவு கிடையாது. அதில் நான் ஒருவன். வேனைக்கூட ரங்கசாமி வெகு தூரம் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டார். ஜெயிக்கிறவன் எப்படி மிதிப்பானோ அப்படி மிதித்தேன். எழுந்து நின்று மிதித்தேன், குனிந்து மிதித்தேன். தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ரோட்டின் நட்ட நடுவில் ஒரு புடவை நின்றுகொண்டிருந்தது. கை ஆட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றது.

கரூரில் என் நம்பரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஜாபர் மூன்றாவதாக வந்தான். ஞாயிற்றுக்கிழமை மரகதத்தைக் கூட்டிவர வெள்ளகோவில் போனேன். அவளுடைய அண்ணன் இலை போட்டுச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நெடுநேரம் யோசித்து, "மாப்ள ஓட்டறது நெசந்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா அறுவது பேருக்கும் கடைசியில போனீங்களே!" என்றார். ரசம் ஊற்ற வந்த மரகதம் கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்: "கடைசியில போனதுனாலதான்ணா முழுசாப் பார்த்தேன். ரோடு முடியற வரைக்கும் அவரு ஒருத்தருதான்."

ஆறு வருஷம் மிதித்ததற்கு மில்லில் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், மூன்று நிமிஷம் மிதிக்காமல் உட்கார்ந்திருந்ததுதான்.